ஒரே ஆழத்தில் இரண்டு தடம்

காட்டூர் வருவதற்குள் முட்டி சூடேறிவிட்டது. முதுகில் பை. அதில் இரண்டு சட்டை, ஒரு தார்ப்பாய், அவல், தண்ணீர். விடிந்ததும் வீட்டில் எல்லோரும் ஏரிக்குப் போன பிறகு கிளம்பியவன், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டதிலிருந்து நான் ஓர் இடத்தில் இருந்ததில்லை. லாரியில் கிளீனராகப் போன இடத்தில் முட்டி பிசகி, இரண்டு மாதமாக வீட்டில் கிடந்தேன். படுத்தபடியே ஒரு திட்டம் போட்டேன். தனியாக, கடலோரமாகவே தனுஷ்கோடிவரை நடப்பது. காட்டுப்பள்ளியில் துறைமுகம் கடற்கரையை மறிப்பதால், அதைத் தாண்டும்வரை மட்டும் உள்ளே காட்டூர் வழி. கால் தேறியதும் மதியத்தில் ஊர் தூங்கும்போது பையில் ஈரமணலை நிரப்பிக்கொண்டு ஏரிக்கரையில் நடந்து பழகினேன். வீட்டுக்கு வந்ததும் கொம்பை ஊன்றி நொண்டினேன்.

அந்த நாட்களில்தான் எங்கள் பாடு வந்தது. பாடு என்றால் முறை. ஏரியில் நல்ல இடத்தில் வலை கட்ட ஒவ்வொரு கூட்டத்துக்கும் இரண்டு நாள் கிடைக்கும். நான்கு ஆள் தண்ணீரில் நிற்க வேண்டும். ஒரு ஆள் குறைந்தாலும் முறை அடுத்த கூட்டத்துக்குப் போய்விடும். அண்ணனும் பெரியப்பா மகன்கள் இருவரும் இருந்தார்கள். நான்காவது ஆள் நான். கொம்பில்லாமல் நிற்க முடியவில்லை என்று சொன்னேன். இருமலால் தண்ணீரில் இறங்குவதை எப்போதோ விட்டுவிட்ட நைனா, முதல் நாள் என் இடத்தில் இறங்கினார். அன்றுதான் நான் கிளம்பினேன்.

காட்டூர் பஸ் நிறுத்தத்தில் எங்கள் தெரு மீன்காரி அத்தை கூடையோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னாடா, நேத்து கொம்பு ஊனிகினு இருந்தே. இன்னிக்கு மூட்டை தூக்கிகினு போறே?"

டாக்டரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். பையின் மேல் சுருட்டிக் கட்டியிருந்ததைப் பார்த்தார்.

"டாக்டரு தார்ப்பாய் கேட்டாரா? அங்க உங்க நைனா மார்மட்டத் தண்ணில நின்னுகினு கீறாரு."

வெட்கப்பட்டுத் திரும்பினேன் என்று எழுதத்தான் ஆசை. முட்டி அதற்குள் மடங்க மறுத்துவிட்டது என்பதும் உண்மை. அத்தையோடு ஊருக்குத் திரும்பும் பஸ் ஏறினேன்.

சாயங்காலம் நைனா வெந்நீர்ச் சொம்போடு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் ஊறி வெளுத்திருந்தன. பத்து நாளாகவே கால் சரியாகத்தான் இருந்தது என்று அவரிடம் சொன்னேன்.

"தெரியும். கரை மண்ணுல உன் தடம் பார்த்தேன். ரெண்டு காலும் ஒரே ஆழம்."

பிறகு ஏன் கேட்கவில்லை என்றேன்.

"நீயா வந்து சொல்லட்டும்னு இருந்தேன்" என்று சொல்லிவிட்டு வெந்நீரைக் குடித்தார்.

மறுநாள் எங்கள் முறையின் இரண்டாம் நாள். எல்லோருக்கும் முன்னால் எழுந்து படகுத்துறைக்குப் போய் நின்றேன். அண்ணன் என் முட்டியைப் பார்த்தான். பனங்காய் அளவு வீங்கியிருந்தது. இந்தக் காலோடு இறங்கினால் என்னைத் தூக்கவே இரண்டு ஆள் வேண்டும் என்றான். இந்தமுறை நான் பொய் சொல்லவில்லை, ஆனாலும் நைனாதான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு படகில் ஏறினார்.

எனக்கு ஏதாவது வேலை கொடு என்று, கரையில் கூடைகளோடு உட்கார்ந்திருந்த அண்ணியிடம் கேட்டேன். அவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, காலிக் கூடை ஒன்றை என் பக்கம் தள்ளினார். முதல் படகில் வந்ததைக் கொட்டியதும் காலை நீட்டி உட்கார்ந்து, இறாலிலிருந்து பாசியையும் பொடி நண்டையும் பொறுக்க ஆரம்பித்தேன்.