இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிசை

ஒமாஹாவின் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் குறிப்புகளைப் பாதுகாக்கும் பிரிவில் மார்லா செர்னிக்கு இருபத்தாறு வருட வேலை. அத்தனை வருடத்திலும் அவள் மதிக்காத கூட்டம் ஒன்று உண்டு. முதலாண்டு முடித்துவிட்டுக் கோடையில் ஆராய்ச்சி செய்ய வரும் மாணவர்கள். எட்டு வாரம் பழைய குறிப்புகளைக் கிளறுவார்கள். கடைசி நாளில் ஆளுயர அட்டையில் வண்ணப்படம் போட்டு நிறுத்துவார்கள். பின்னால் வேலைப்பயிற்சிக்கு மனுப் போடும்போது அதில் ஒரு வரி கூடும். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை ஆட்டமும் என்பாள்.

வழிகாட்டிகள்மேல் அவளுக்கு இன்னும் இளக்காரம். எலும்பு டாக்டர் ஹாகன்புக் அந்த வருடம் பதினோரு பேருக்கு வழிகாட்டி. பதினோரு அட்டையிலும் கடைசிப் பெயர் அவருடையது. அங்கே கடைசிப் பெயர்தான் பெரிய பெயர். ஒரு மாணவனோடும் அவர் அரை மணி நேரம் உட்கார்ந்தது கிடையாது.

கோல்பி ரென்ஷா அந்தப் பதினொருவரில் ஒருவன். இடுப்பெலும்பு முறிந்து வருகிறவர்களுக்கு வலி மருந்து கிடைக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்பது அவன் ஆராய்ச்சி.

"மருந்து குடுத்த நேரம் எழுதாத ஆளுங்களுக்குக் கட்டத்தைக் காலியா விடு கண்ணு," என்று மார்லா அப்போதே சொன்னாள்.

"காலியா விட்டா கம்ப்யூட்டர் சிவப்பு சிவப்பா காட்டுது, மார்லா."

"காட்டட்டுமே. உன் டாக்டரைக் கேளு."

"மூணு மெயில் போட்டேன். 'அருமை, தொடரவும்'னு பதில் வந்துச்சு."

அவனும் தொடர்ந்தான். காலியான இடமெல்லாம் சைபர் போட்டான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அன்றே தீர்ந்திருக்கும்.

அட்டைகள் நிறுத்திய நாளில், இலவசமாகக் கிடைக்கும் பழம் வைத்த ரொட்டிக்காகத்தான் மார்லா கூடத்துக்கு வந்தாள். சாய்ந்து சாய்ந்துதான் நடந்தாள். இரண்டு குளிர்காலத்துக்கு முன்பு கார் நிறுத்துமிடத்தில் பனிக்கட்டியில் வழுக்கி அவளும் இடுப்பை முறித்துக்கொண்டவள்.

கோல்பியின் அட்டையில் கொட்டை எழுத்தில் இருந்தது: சராசரிக் காத்திருப்பு பத்தொன்பது நிமிடம். அதற்குக் கீழே: கூடுதல் நர்ஸ் தேவையில்லை. எலும்பு முறிவு வார்டு ஒரு வருடமாக நர்ஸ் கேட்டுக்கொண்டிருப்பது மார்லாவுக்குத் தெரியும். நிர்வாகத்து ஆட்கள் இந்த வரியைப் பிடித்துக்கொள்வார்கள் என்பதும் தெரியும்.

"உன் பட்டியலைத் திற. பிப்ரவரி, பனிப்புயல் அடிச்ச நாள். அம்பத்தெட்டு வயசுப் பொம்பளை."

பெயர்களை நீக்கிய பட்டியல். இருநூற்றுப் பன்னிரண்டாவது வரிசையில் சைபர்.

"அது நான்தான்."

"நீங்களா?"

"ஒரு மணி நாப்பது நிமிஷம் கத்தினேன். மருந்து குடுக்கவே ஆளில்லை, இதுல நேரத்தை எவ எழுதுவா? உன் கணக்குல பாரு, விழுந்த உடனே மருந்து! குடுத்து வெச்சவ. இப்படி எத்தனை சைபர்?"

அவன் எண்ணினான். முன்னூற்று நான்கு பேரில் நூற்றுத் தொண்ணூறு. அவற்றை எடுத்துவிட்டு மறுபடி கணக்குப் போட்டான்.

"அம்பத்தொண்ணு வருது. அதுவும் எழுதி வெச்ச ஆளுங்களுக்கு மட்டும்."

"எனக்குக் கணக்குல இடமே இல்லைன்னு சொல்லு."

பரிசுக் குழு மூன்று அட்டை தள்ளி நின்றது. கோல்பி பேனாவை எடுத்தான். பத்தொன்பதை அடித்தான். கீழ் வரியையும் அடித்தான். 'பாதிக்கு மேல் தெரியவில்லை' என்று கோணலாக எழுதினான். மார்லா அவனை மெச்சவில்லை. எட்டு வாரத்தில் அவன் செய்த முதல் ஆராய்ச்சி அது, அதுவும் திட்டு வாங்கிச் செய்தது.

போட்டோவுக்குச் சிரித்தபடி வந்த ஹாகன்புக்கின் சிரிப்பு நின்றது.

"என்னப்பா இது? என் பேர் இருக்கற அட்டையில கிறுக்கறே?"

"கணக்கு தப்பு, டாக்டர்."

"மாணவன் பண்ற வேலைதானே? யார் உன்னை நோண்டிக் கேக்கப்போறா?"

"இவங்க கேட்டாங்க."

டாக்டர் மார்லாவைப் பார்த்தார். யாரென்று தெரியவில்லை.

"உங்க பேரையும் அடிச்சிடட்டுமா, டாக்டர்?" கோல்பி பேனாவை மூடாமலே கேட்டான்.

குழு நெருங்கிவிட்டது. ஹாகன்புக் கண்ணாடியை எடுத்து மாட்டி, அட்டையை முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தார். மார்லா ரொட்டியை மென்றுகொண்டே சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். படித்து முடிக்க அவருக்கு நான்கு நிமிடம்தான் ஆனது.