சின்னம்மாவுக்குச் சீனி குறைந்த விதம்

சின்னம்மாவின் முந்தானை முடிச்சில் எப்போதும் ஒரு மாத்திரை இருக்கும். சீனி வருத்தத்துக்கு, அதாவது நீரிழிவுக்கு, டவுன் கிளினிக்கில் கொடுத்தது. காலைச் சாப்பாட்டோடு போட வேண்டிய அந்த மாத்திரை, எஹலியகொடைக்கு மேலே எங்கள் றப்பர் தோட்டத்து மலையெல்லாம் அவரோடு ஏறி இறங்கும். வெயில் ஏறினால் மரத்தில் பால் நின்றுவிடும் என்பதால் வெளுக்கும் முன்பே பால் வெட்டக் கிளம்பவேண்டும். வயிற்றில் வெறும் தேத்தண்ணி மட்டும்தான். பாலைச் சேர்த்து, சுமந்து, ஸ்டோரில் ஊற்றிய பிறகுதான் வாயில் சோறு படும். வெறும் வயிற்றில் மாத்திரையைப் போட்டால் மரத்தடியிலேயே கண் இருட்டும். போடாவிட்டால் சீனி ஏறும். டொக்டரோ, "நேரத்துக்குச் சாப்பிடு" என்று ஒவ்வொரு முறையும் ஏசுவார், நேரம் என்னவோ சின்னம்மாவின் கையில் இருந்ததுபோல.

புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாதவர் சின்னம்மா. வேலை இருக்கும்வரைதான் குடியிருக்கத் தோட்டம் தந்த லயத்துக் காம்பராவும் இருக்கும். அதனால் மயக்கம் வந்தாலும் வழுக்கி விழுந்ததாகவே சொல்லிக்கொள்வார். எங்கள் லயத்தில் வருத்தக்காரர் எல்லோரும் அப்படித்தான், வியாதியைத் திருட்டுப் பொருளைப்போல ஒளித்து வைத்திருந்தார்கள். ஒருவரிடம் மட்டும் சின்னம்மா உண்மையைச் சொன்னார். கூடப்பிறந்த அண்ணன், எனக்குத் தாய்மாமா, அந்த மலைக்கே கங்காணி. செங்குத்தான பக்கத்தை விட்டு, ரோட்டோரத்து மரங்களைத் தரச்சொல்லிக் கேட்டார்.

"எங்கிட்ட சொல்லிட்டல்ல தங்கச்சி, இனி கவலப்படாத" என்றார் மாமா.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள்தான். தோட்டத்தை நடத்தும் தொரை சின்னம்மாவை ஆபீசுக்குக் கூப்பிட்டு, மயக்கக்காரி மலையில் விழுந்து தொலைத்தால் யார் பதில் சொல்வது என்று வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். யார் சொன்னது என்று சின்னம்மா கேட்டதற்கு, "ஒங்க அண்ணன்தான்" என்று ஒளிக்காமலேயே சொல்லியிருக்கிறார். அந்த வேலையும் காம்பராவும் மாமாவின் புது மருமகளுக்குப் போயின.

சின்னம்மா பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கள் காம்பராவுக்கு வந்தார். எங்களுக்கே அரிசி பற்றாத காலம். உழைக்காமல் தின்ன அவருக்குக் கூச்சம். "பசிக்கலடி" என்று ரொட்டியை எங்கள் பக்கம் தள்ளிவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வார். நாங்களும் தின்றோம். சட்டை தோளில் நிற்காமல் நழுவும் அளவுக்கு மெலிந்துபோனார்.

அடுத்த கிளினிக்குக்கு மாமாவே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூட வந்தார். தங்கச்சியைத் துரத்திவிட்டான் என்று லயத்தில் பேச்சு அடிபட்டதால் வந்த திடீர்ப் பாசம் அது. துணைக்கு நானும் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்த டொக்டரின் முகம் மலர்ந்தது. சீனி நன்றாக இறங்கியிருக்கிறது, சாப்பாட்டில் என்ன செய்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். கங்காணி நிற்கும் இடத்தில் மற்றவர் வாய் திறப்பதில்லை, அது தோட்டத்துப் பழக்கம். சின்னம்மா மாமாவிடம் மெதுவாக, "காலையில ஒண்ணுமில்ல, மத்தியானம் இருந்தா ஒரு ரொட்டின்னு சொல்லுங்கண்ணே" என்றார்.

மாமா டொக்டரிடம் சிங்களத்தில் சொன்னது வேறு. "நீங்க சொன்ன மாதிரியே அளந்துதான் குடுக்கிறோம் ஐயா. நாந்தான் வேலைய விட்டு நிப்பாட்டி ஓய்வா வச்சிருக்கேன்." டொக்டர் தலையாட்டி, எல்லோருக்கும் இப்படி ஓர் அண்ணன் வேண்டும் என்றார்.

சிங்களவர் ஊரான நாட்டுக் கடைக்கும் சந்தைக்கும் போய்வந்த சின்னம்மாவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு என்பதை மாமா எப்படித்தான் மறந்தாரோ. சின்னம்மா எழுந்து நின்றார். "கன்ன தெயக் நே, மாத்தயா" என்றார். தின்ன ஒன்றுமில்லை, ஐயா. அவ்வளவுதான். டொக்டர் ரிப்போர்ட்டையும் சின்னம்மாவின் தோள் எலும்பையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பஸ்சில் மாமா, "நாலு பேர் முன்னால என் மானத்த வாங்கிட்டியே" என்றார்.

சின்னம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. "வேலைய எடுத்துக்கிட்டீங்க, காம்பராவ எடுத்துக்கிட்டீங்க, நான் வாயத் தொறக்கல. பட்டினி கெடந்தவ நான். அதையும் நீங்க செஞ்ச நல்லதுன்னு சொன்னா, நான் எப்படிண்ணே சும்மா இருக்கிறது" என்றார்.