ஆட்சேபணை இல்லை என்று ஒரு கையெழுத்து

ஓசியில் கிடைக்கும் எதையும் நான் லேசில் நம்புகிற ஆள் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு வந்த சிடியில் எடிட்டர் மென்பொருள் ஒன்று இருந்தது. கடிதமோ புரோகிராமோ, எதை வேண்டுமானாலும் அதில் எழுதலாம். காசு கிடையாது. போதாக்குறைக்கு அதன் மூலநிரலையும் கூடவே கொடுத்து, வேண்டியபடி மாற்றிக்கொள், நன்றாக வந்தால் எங்களுக்கும் அனுப்பு என்று எழுதியிருந்தார்கள். எங்கே கொக்கி வைத்திருக்கிறார்கள் என்று சில நாள் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

அப்போது மேற்குத் தாம்பரத்தில், ஒரு பெயிண்ட் கடை மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனால் யு.பி.எஸ். கொஞ்ச நேரம் கத்திவிட்டு உயிரை விடும். பிள்ளைகள் அடித்து வைத்ததெல்லாம் போய்விடும். அது கத்த ஆரம்பித்ததுமே எடிட்டர் தானாக எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டால் என்ன? ஸ்டேஷன் பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய், அந்த எடிட்டரைப் பராமரிக்கும் ஐரோப்பாக்காரருக்கு யோசனையை எழுதினேன்.

“உங்கள் ஊரில் மின்சாரம் அடிக்கடி போகுமா?” என்று பதில் வந்தது. கிண்டல் என்று நினைத்து எரிச்சலானேன். பிறகுதான் புரிந்தது, மனுஷர் நிஜமாகவே தெரியாமல் கேட்டிருக்கிறார். விளக்கினேன். எழுதி அனுப்பச் சொன்னார். சென்டரில் வகுப்பில்லாத நேரத்தில் உட்கார்ந்து எழுதி அனுப்பினேன். திருத்தச் சொன்ன இடங்களைத் திருத்தினேன். கடைசியாக ஒன்று கேட்டார். வேலை பார்க்கும் இடத்தில் எழுதியது என்பதால், இதில் தனக்கு உரிமையும் இல்லை, ஆட்சேபணையும் இல்லை என்று உங்கள் முதலாளி ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். அது வந்தால் அடுத்த பதிப்பில் சேர்த்துவிடலாம், எழுதியவர்கள் வரிசையில் உங்கள் பெயரும் வரும்.

யார் யாரோ எங்கெங்கோ திறந்து பார்க்கப்போகும் ஒன்றில் என் பெயர். வேறெதற்கும் நான் அப்படி ஆசைப்பட்டதில்லை.

முதலாளி செம்பாக்கத்துக்காரர். பயிர் வைத்த நிலத்தை விற்று சென்டர் போட்டவர். தாளைத் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இன்னா வாத்யாரே, எங்கப்பாவும் இப்டித்தான் ஆட்சேபணை இல்லன்னு ஒரு கையெயுத்து போட்டாரு. ஏரியாண்ட அர கிரவுண்டு பூட்ச்சு.”

“இது நெலம் இல்லண்ணா. நான் எழுதின புரோகிராம்.”

“எங்க குந்திகினு எய்தின?”

“இங்கதான்.”

“யாரு ஊட்டு கரண்ட்டு?”

“கரண்ட் போனாத்தாண்ணா இதுக்கு வேலையே.”

அவர் சிரிக்கவில்லை. தாளை ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் பத்திரம் எழுதுபவரிடம் கொண்டுபோய்க் காட்டினார். இங்கிலீஷில் இருப்பதால் வில்லங்கம் இருக்கலாம் என்று அந்தப் புண்ணியவான் சொல்லி அனுப்பினார்.

கண்ணால் பார்த்தால் நம்புவார் என்று நினைத்தேன். அவரையே உட்கார வைத்து நாலு வரி அடிக்கச் சொன்னேன். அவரே எழுந்து போய் மெயினை அணைத்தார். யு.பி.எஸ். கத்தி ஓய்ந்து திரை இருண்டது. மறுபடி போட்டதும் அவர் அடித்தது அப்படியே இருந்தது. நம்பாமல் இன்னொரு தரமும் அணைத்துப் பார்த்தார். பிறகு தான் அடித்த நாலு வரியையும் விரல் வைத்துப் படித்தார். மனசு இளகிவிட்டது என்று நான் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து நீட்டினேன்.

“இவ்ளோ நல்லா கீதே, இத்தப் போயி சும்மா குடுக்கச் சொல்றியா? அவன் கேக்கறான்னா இதுல இன்னாமோ கீது.”

“அவங்க முழு எடிட்டரையே சும்மாதானண்ணா குடுத்திருக்காங்க.”

“அதான் எனக்கு பயமா கீது.”

கையெழுத்து கிடைக்கவில்லை. அது இல்லாமல் சேர்க்க முடியாது என்று ஐரோப்பாக்காரர் வருத்தம் தெரிவித்தார். கொஞ்ச காலத்தில் நானும் வேறு வேலைக்குப் போய்விட்டேன்.

பிறகு வந்த ஒரு பதிப்பில் அதே வசதி இருந்தது. கீழே வேறொருவர் பெயர். பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்பில் பழைய முதலாளியைப் பார்த்தபோது மனசு பொறுக்காமல் சொன்னேன்.

“நான் அப்பவே சொன்னனா இல்லியா? உன்னுத சுட்டுட்டான் பாரு,” என்றார்.

வீட்டுக்குப் போய் மூலநிரலைத் திறந்து, என்னுடையதைப் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டேன். திருடனைப் பிடிக்கத்தான் உட்கார்ந்தேன். எதுவும் அகப்படவில்லை. கரண்ட் போகிற வேறு ஏதோ ஊர்க்காரர், வேறு வழியில், என்னைவிடச் சுருக்கமாக எழுதியிருந்தார். நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கோ வயிறு எரிந்தது. திருடியிருந்தால் என் வரி ஒன்றாவது அதற்குள் இருந்திருக்கும்.