இரண்டு துண்டு, ஒரு போட்டோ

போன வியாழக்கிழமை செஞ்சி பஜாரில் உள்ள ஸ்டுடியோவில் என் பிறந்த வீட்டாரோடு குடும்பப் போட்டோ எடுத்துக்கொண்டேன். யார் என்ன உடுத்துவது என்று தீர்மானிக்கும் பொறுப்பு முழுக்க முழுக்க என்னுடையது. வேறு யாரை நம்பி விட முடியும், சொல்லுங்கள்?

துணி விஷயத்தில் எனக்குத் தைரியம் கொஞ்சம் அதிகம்தான் — இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு அது தெரிந்ததே.

ஸ்டுடியோக்கார பாய் முதலில் தாஜ்மகால் தீட்டிய திரையை இறக்கினார். மூன்று மலைக்கோட்டைக்கு நடுவில் குடியிருந்துகொண்டு எதற்குத் தாஜ்மகால்? கறுப்புத் திரையே போதும் என்று முன்னாடியே சொல்லி வைத்திருந்தேன். அதனால்தான் அம்மாவின் அரக்குப் பட்டுச் சேலையையும் வேண்டாமென்றேன்.

"அரக்கு போட்டோல கறுப்பா விழும்மா. பின்னாடியும் கறுப்பு. உன் தலையும் கையும் மட்டும் அந்தரத்துல நிக்கும்."

அம்மா மறுபேச்சு இல்லாமல் சந்தனக் கலர் சேலைக்கு வந்துவிட்டாள்.

என் அப்பா, நைனா, அதைவிட சுலபம். சிங்கவரத்தில் வேர்க்கடலை பயிரிடுகிற மனுஷர். சட்டை போட்டால் உடம்பு அரிக்கிறது என்று கல்யாணங்களுக்குக்கூட வெறும் துண்டோடு போகிறவர், இதற்குச் சட்டை போடச் சம்மதித்தார். எனக்கே ஆச்சரியம். ஆனால் இந்தப் போட்டோவைக் கேட்டதே அவர்தான்.

"ஒண்ணர வருசமா உங்க அண்ணனும் தம்பியும் மொகம் குடுத்துப் பேசறதில்ல. போட்டோலயாவது ஒண்ணா நிக்கட்டும்மா. நான் பாக்கணும்" என்றார். நைனா என்னிடம் எதையும் கேட்டவரில்லை. அன்று கேட்டுவிட்டார்.

என்ன சண்டை? பாகப்பிரிவினை என்றால் பஞ்சாயத்து வைத்துத் தீர்க்கலாம். இது கட்சி! அண்ணன் ஒரு கட்சி, தம்பி இன்னொரு கட்சி. பெயர் எழுதினால் ஆசிரியர் வெட்டிவிடுவார்... அண்ணன் தலையிலிருந்து கால்வரை கதர், தம்பிக்குக் கறுப்பு சிவப்புக் கரை. இவ்வளவு சொன்னால் உங்களுக்குப் புரியாதா? எங்கள் வீட்டுத் தெருச்சுவரில் வாசலுக்கு இந்தப் பக்கம் ஒரு சின்னம், அந்தப் பக்கம் ஒரு சின்னம். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களே குழம்பிப் போகிறார்கள்.

நான் கலங்கவில்லை. நைனாவும் அம்மாவும் முன்னால் நாற்காலியில். நாங்கள் மூவரும் பின்னால் நிற்பது. நாற்காலி மறைத்துவிடும், இடுப்புக்குக் கீழே எந்தக் கரையும் தெரியாது. அண்ணனின் கதர் ஜிப்பாவும் வெள்ளை, தம்பியின் மில் சட்டையும் வெள்ளை. போட்டோவில் எது கைத்தறி, எது ஆலைத்துணி என்று யார் கண்டார்கள்?

மிச்சம் இருந்தது தோள் துண்டு. தனித்தனியாகக் கூப்பிட்டுப் பேசினேன்.

"அவன் துண்டு போடாம வந்தா நானும் போடல" என்றான் அண்ணன்.

"அவரு போடாம வரட்டும்க்கா, அப்பறம் பாக்கலாம்" என்றான் தம்பி.

மற்றவன் துண்டு போட்டு வரமாட்டான் என்று இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்தேன். வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை நைனா, அம்மாவோடு அண்ணன் பஸ்ஸில் வந்து இறங்கினான். தோளில் கதர்த் துண்டு. தம்பி தனியாக சைக்கிளில் வந்தான். தோளில் கறுப்பு சிவப்புக் கரைத் துண்டு, புத்தம் புதிது, மடிப்புக் கலையாமல்!

"இன்னா அக்கா, அவரு போட்டுக்கினு நிக்கறாரு?"

"மொதல்ல அவன எடுக்கச் சொல்லு" என்றான் அண்ணன், என்னைப் பார்த்து. தம்பி ஒரு முழத் தூரத்தில் நிற்கிறான். தகவல் மட்டும் என் வழியாகப் போகிறது!

"நான் எதுக்கு எடுக்கணும்? தேர்தல் வருது. இந்தப் போட்டோ வீட்டு முன்கட்டுலதான மாட்டப் போறீங்க? நாலு பேரு வந்து பாக்க மாட்டாங்களா?"

"அதையேதான் நானும் சொல்றேன்னு சொல்லு அவனுக்கு."

நான் கெஞ்சினேன், மிரட்டினேன். ஒன்றும் பலிக்கவில்லை. பாய் மூன்றாவது தடவையாக, "கரண்ட் எப்ப வேணா போயிடும், சீக்கிரம் நில்லுங்க" என்றார். தம்பி, "நீங்களே எடுத்துக்குங்க" என்று சைக்கிள் சாவியை எடுத்தான். நைனா சட்டைக்குள் நெளிந்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் கேட்ட ஒன்றைக்கூட என்னால் செய்து கொடுக்க முடியவில்லையே என்று அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டிருந்த பாய் குரல் கொடுத்தார்.

"பெரியவரே, ஒசரம் பத்தல. அம்மா உங்களவிட நாலு விரக்கட மேல தெரியறாங்க. கீழ எதனா போட்டு உக்காருங்க."

உண்மைதான். எங்கள் அம்மா உயரம். நைனா அதை நாற்பது வருஷமாகப் பெரிதுபடுத்தியதில்லை, ஆனால் கேமரா பெரிதுபடுத்திவிட்டது.

"தலகாணி இல்லியா பாய்?"

"இருந்துது. நேத்து ஒரு கொழந்த நனைச்சிடுச்சு. வெளிய காயுது."

நைனா எழுந்தார். மகன்கள் இருவரையும் பார்த்துக் கையை நீட்டினார்.

"துண்ட குடுங்கடா. ரெண்டு பேரும்."

"எதுக்கு நைனா?"

"உக்காரத்தான்."

அண்ணன் துண்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். "நைனா, அது கட்சித் துண்டு."

"ஆமா நைனா" என்றான் தம்பி, வாசலில் இருந்தபடியே.

ஒன்றரை வருஷத்தில் அண்ணனும் தம்பியும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்!

நைனா நீட்டிய கையை மடக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

"நான் உங்களத்தான்டா பெத்தேன். துண்டப் பெக்கல."

பாய்கூட கறுப்புத் துணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்துவிட்டார். முதலில் அண்ணன் கொடுத்தான். அவன் கொடுத்ததைப் பார்த்துவிட்டு தம்பி உள்ளே வந்து கொடுத்தான். உடனே இரண்டு பேர் கண்ணும் நைனாவின் கைமேலேயே இருந்தது... எது மேலே, எது கீழே? நைனா அதற்கும் இடம் வைக்கவில்லை. ஒன்றின்மேல் ஒன்றைப் போட்டு, இரண்டையும் சேர்த்து நாலாக மடித்து, நாற்காலியில் வைத்து, திடமாக உட்கார்ந்தார்.

"இப்ப பாருங்க பாய்."

"இப்ப சரியா இருக்குது. அசையாதீங்க."

யாரும் அசையவில்லை.

வெளியே வந்ததும் இருவரும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்கள். ஒருவன் பஸ்ஸில், ஒருவன் சைக்கிளில். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. ஒரு போட்டோவில் எல்லாம் சரியாகிவிடுமா என்ன? நைனாவும் அப்படி எதிர்பார்க்கவில்லை. பஸ் ஏறும்போது என்னிடம், "ஒண்ணா நின்னுச்சுங்க பாத்தியா" என்று மட்டும் சொன்னார். நான் தலையை ஆட்டினேன்.

குடும்பப் போட்டோவுக்குப் பொருத்தமான உடை எது என்று கேட்டு இனி யாராவது எனக்குக் கடிதம் எழுதினால் பதில் தயாராக இருக்கிறது. என்ன உடுத்துவது என்று மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள். எதைக் கழற்றுவது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால் போதும்.

நேற்று பிரதி வந்துவிட்டது. நைனா ஆணி அடித்து அவரே மாட்டினார். இரு கட்சிக்காரர்களும் வருகிறார்கள், அண்ணாந்து பார்க்கிறார்கள், "இன்னா, உங்க வூட்டுப் படத்துல கட்சியே காணோமே?" என்று கேட்கிறார்கள்.

எப்படித் தெரியும்? நைனா அதன்மேல் அல்லவா உட்கார்ந்திருக்கிறார்!