வினாத்தாளில் போட்ட டிக்

செல்லூர்ப் பள்ளி ஒன்றில் பத்தொன்பது ஆண்டுகளாக மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். பணியில் தொடர ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று ஆனதால், போன முறை எழுதினேன். நூற்றைம்பது கேள்விகள், மூன்று மணி நேரம்.

நோட்டுத் திருத்தும்போது முதலில் டிக் போட்டுக்கொண்டே போய், மதிப்பெண்ணைக் கடைசியில்தான் எழுதுவேன். அந்தப் பழக்கத்தில் வினாத்தாளிலேயே விடைகளுக்கு டிக் போட்டுக்கொண்டிருந்தேன். விடைத்தாளில் ஒரு வட்டத்தைக்கூட நிரப்பவில்லை.

அறைக் கண்காணிப்பாளராக இருந்த இளம் ஆசிரியை என் மேசையருகே நின்றார்.

“என்ன டீச்சர், பிள்ளைக நோட்டா திருத்துறீக? இன்னும் இருவது நிமிசந்தான் இருக்கு. வட்டத்த எப்ப நிரப்புவீக?”

அவசரமாக நிரப்பியதில் பதினொரு கேள்விகள் விடுபட்டன. இரண்டே மதிப்பெண் வித்தியாசத்தில் தேறினேன். அவர் பத்து நிமிடம் கழித்து வந்திருந்தால், விடை தெரிந்தும் தோற்றிருப்பேன், வேலையும் போயிருக்கும்.

இப்போது விடை எழுதாத தாளுக்கு உடனே பூஜ்யம் போடுவதில்லை. பிள்ளையை அழைத்து வாய்மொழியாகக் கேட்கிறேன். போன வாரம் ஒரு சிறுமி எட்டுக் கணக்குக்கும் சரியாக விடை சொன்னாள்.

“பெறகு ஏன்த்தா எழுதல?”

“கேள்விய அழகா எழுதி முடிக்கவும் பெல் அடிச்சிருச்சு டீச்சர்.”

தாளின் ஓரத்தில் ‘வாய்மொழி’ என்று குறித்து, எட்டு மதிப்பெண் போட்டேன்.