எட்டுன்னா கடிநாய் வீடு

லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்துல எனக்கு வாத்தியார் வேலை கெடைச்சப்ப நெறைய பேருக்கு ஆச்சரியம். எனக்குத்தான் எல்லாரையும் விட அதிகம். கணக்குல நான் எப்பவுமே கடைசி. அதனாலயோ என்னவோ, கணக்கே தெரியாத சின்னஞ்சிறுசுங்க வகுப்ப என் தலையில கட்டுனாங்க. நல்ல பொருத்தம்.

பிள்ளைங்க ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் தகரக் கூரை அதிர்ற மாதிரி பாடும். ஆனா பலகையில ஆறு எழுதி "இது என்னா?"ன்னு கேட்டா, எல்லாம் என் மொகத்தப் பாக்கும். என் மொகத்துல என்ன எழுதியிருக்கு?

ஒரு நாள் பெரிய வாத்தியார் வாசல்ல நின்னு இதப் பாத்துட்டாரு.

"தம்பி, இதுங்க வாய்க்குத் தெரியுது, கண்ணுக்குத் தெரியலியே. அடுத்த மாசம் தோட்டத்துத் தொரை வர்றாரு. அவருக்கு உர மூட்டை அடுக்க எடம் வேணுமாம், இந்த ரூம்பு மேல ஒரு கண்ணு. பிள்ளைங்களுக்கு இலக்கம் தெரியலேன்னா சின்ன வகுப்ப மூடிருவாரு."

"அப்ப பிள்ளைங்க?"

"திரும்ப ஆயாகிட்ட, கைப்பிள்ளைங்கள விட்டுட்டுப் போற பிள்ளைக் காம்பராவுக்கே போகவேண்டியதுதான்."

"நான்?"

"நீ மூட்டை தூக்கலாம்."

என் ஒடம்பப் பாத்தவங்களுக்குத் தெரியும், மூட்டைதான் என்னயத் தூக்கணும்.

அன்னைக்குச் சாயங்காலம் தோட்டத்து ஆளுங்க குடியிருக்குற லயத்து வழியா எறங்கிப் போனேன். ஒரு காம்பரா ஒரு வீடு, ஒவ்வொரு கதவுலயும் தாரால நம்பர் போட்டிருக்கும். என் வகுப்புல முன்பல்லு விழுந்த ஒரு புள்ள இருந்துச்சு. அது வாசல்ல வெளையாடிக்கிட்டு இருந்துச்சு. பக்கத்து வீட்டுக் கதவக் காட்டி, "அது என்னா நம்பர்?"னு கேட்டேன்.

"அது மூக்குத்தி சின்னம்மா வீடு."

அது கையில இருந்த சிலேட்ட வாங்கி, கதவுல இருந்த நாலை மட்டும் எழுதிக் காட்டுனேன். "இது?"

"மூக்குத்தி சின்னம்மா வீடுதான். ஏன் வாத்தியாரே கேட்டதையே கேக்குறீங்க?"

எனக்குக் குதிக்கணும் போல இருந்துச்சு. குதிச்சேன். எட்டாம் காம்பரா நாய் தொரத்துச்சு. அதுக்கும் எனக்கும் பழைய பழக்கம், என் வேட்டியில ஒரு துண்டு அதுகிட்டதான் இருக்கு.

மறுநாள் மமட்டிய எடுத்து பள்ளிக்கூட வாசல்ல ஒரு லயம் கீறுனேன். பத்துக் காம்பரா. தேயிலைப் பொட்டிப் பலகைய ஒடைச்சு, கரியால நம்பர் எழுதுனேன். தலையில கம்பளியப் போத்திக்கிட்டு நான்தான் ஆளுங்கள வேலை வாங்குற கண்டாக்கு ஐயா. தகரத்தத் தட்டி, காலையில ஆளுங்கள வேலைக்குக் கூப்புடுற மாதிரி பெரட்டு கூப்புடுவேன். வாயத் தொறக்காம ஒரு பலகையத் தூக்கிக் காட்டுவேன். எல்லாம் அந்தக் காம்பராவுக்கு ஓடிப்போய் நின்னு, அதோட நம்பரக் கத்தணும். தப்பா நிக்கிறவங்க எட்டாம் வீட்டுல நாயா உக்காந்து கொலைக்கணும்.

என்னயும் ஆட்டத்துல சேத்தாங்க. அவசரத்துல நான்தான் அடிக்கடி நாய். "வாத்தியாரே, நல்லா கொலைக்கிறீங்க"ன்னு ஒரு பொடியன் சொன்னான். அந்த வருசம் எனக்குக் கெடைச்ச ஒரே பாராட்டு.

தொரை வந்தாரு. தொப்பி, கம்பு, முட்டி வரைக்கும் பூட்ஸ். நேரா கரும்பலகைக்குப் போயி நாலு எழுதுனாரு.

"இது என்னா?"

வகுப்பே ஒரே கொரல்ல, "மூக்குத்தி சின்னம்மா வீடு!"

தொரை எட்டு எழுதுனாரு.

"கடிநாய் வீடு!" ரெண்டு பிள்ளைங்க கொலைக்கவும் செஞ்சுச்சு.

பெரிய வாத்தியார் கண்ண மூடிக்கிட்டாரு. எனக்கு முதுகுல மூட்டை ஏறுன மாதிரியே இருந்துச்சு.

"நம்பர் தெரியாது, வீடுதான் தெரியும்"னு தொரை தலைய ஆட்டுனாரு.

"தொரைகளே, ஆட்டத்துல நம்பரச் சரியாக் கத்துவாங்க, ஒரே ஒரு தடவ வெளிய வந்து பாருங்க"ன்னு கெஞ்சுனேன். சும்மா சொல்லக்கூடாது, மனுசன் வந்தாரு. தூறல் போட்டுக்கிட்டு இருந்துச்சு. வாசல்ல கீறியிருந்த கோட்டுக்கு நடுவுல போயி, இடுப்புல கைய வச்சுக்கிட்டு நின்னாரு. நான் பலகைய எடுக்கக் குனியிறேன், அதுக்குள்ள முன்பல்லு இல்லாத புள்ள அவரு முன்னால போயி நின்னுச்சு.

"தொரை, அது எங்க வீடு. பூட்ஸ கழட்டிட்டு வாங்க."

தொரை கீழ பாத்தாரு. மெதுவா ஒரு கால எடுத்துக் கோட்டுக்கு வெளிய வச்சாரு, அப்பறம் அடுத்த கால.

"இது எத்தனாம் நம்பர் வீடு?"

"மூணு! அங்க மூக்குத்தி சின்னம்மா வீடு நாலு, கடிநாய் வீடு எட்டு. தொரைக்கு நம்பர் தெரியாதா?"

தொரைக்குச் சிரிப்பு வந்துருச்சு. அப்பறம் அவரே பலகையத் தூக்கிக் காட்டுனாரு, பிள்ளைங்க ஓடுச்சுங்க, கத்துச்சுங்க. மழை வலுத்தும் விடல. கடைசியில அவரும் ஆட்டத்துல சேந்து ஓடி, ஒரு தடவ தப்பான வீட்டுல நின்னுட்டாரு. சட்டப்படி கொலைக்கணும்னு பிள்ளைங்க புடிச்ச புடியில, சன்னமா ஒரு கொலைப்பு கொலைச்சாரு. என் அளவுக்கு வரல.

உர மூட்டை வேற எடத்துக்குப் போச்சு. நானும் தப்பிச்சேன்.

அடுத்த வாரம் கூட்டல் கணக்கு ஆரம்பிச்சேன். "மூணாம் வீட்டையும் நாலாம் வீட்டையும் சேத்தா என்ன வரும்?"

முன்பல்லு இல்லாத புள்ள யோசிக்கவே இல்ல. "சண்டை வரும் வாத்தியாரே."