மீன்சுருட்டி அக்காவின் இருமலும் ஒரு ஒராங்குட்டான் குட்டியும்

டூர் மேனேஜராக நான் அழைத்துப் போன முதல் வெளிநாட்டுக் குழு அது. மலேசியாவில் ஒரு நாள் காலை, ஏசி பஸ்ஸின் நடு சீட்டிலிருந்து ஒரு இருமல் கேட்டது. சட்டென்று திரும்பிப் பார்த்தேன்.

குழு முழுக்க பெரம்பலூர், அரியலூர் பக்கத்து சிமெண்ட் டீலர்கள். டார்கெட் முடித்தவர்களுக்குக் கம்பெனி கொடுத்த இன்சென்டிவ் டூர். அன்றைக்குப் போக வேண்டிய இடம், கோலாலம்பூரிலிருந்து விமானத்தில் நாங்கள் வந்திறங்கியிருந்த போர்னியோ தீவின் காட்டோரம் இருந்த ஒரு மறுவாழ்வு மையம். தாயை இழந்த ஒராங்குட்டான் என்னும் வாலில்லாக் குரங்கின் குட்டிகளை வளர்த்து மறுபடியும் காட்டில் விடுவது அவர்கள் வேலை. சளி, இருமல், காய்ச்சல் உள்ளவர்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. நம் சளி அந்தக் குட்டிகளுக்குத் தொற்றினால் உயிருக்கே ஆபத்து.

இருமியது சரோஜா அக்கா. மீன்சுருட்டியில் சிமெண்ட், கம்பி வியாபாரத்தைத் தனியாளாக நடத்துபவர். மற்ற டீலர்கள் கோலாலம்பூரில் ஷாப்பிங் போயே தீர வேண்டும் என்று நின்றபோது, அவர்களோடு சண்டை போட்டு இந்த நாளை வாங்கியவரே அவர்தான். அந்த மையத்தின் நோட்டீஸில் ஒரு குட்டி பாட்டிலில் பால் குடிக்கிற படம் இருந்தது. அதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"தாயில்லாத புள்ளைய மடியில வச்சிப் பாலு குடுக்கிறாங்க சார். அதப் பாக்காம, கடை கடையா ஏறி எறங்கவா இம்மாந்தூரம் வந்தோம்?"

இப்போது அவருக்கே இருமல் வந்துவிட்டது. என்ன செய்வது?

நம்மூர் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒரு பையிலிருந்து சுக்கு மிட்டாய் வந்தது, இன்னொரு பையிலிருந்து தைலம் வந்தது. பெரம்பலூர் டீலர் ராமலிங்கம் எழுந்து நின்று திட்டமே போட்டுவிட்டார்.

"அக்காவ நடுவுல வுட்டுடுவோம். இருமல் வந்துச்சுன்னா எல்லாரும் சத்தமாப் பேசிடணும். நம்மாளுங்களுக்கு அதச் சொல்லியா குடுக்கணும்? சார், கேட்டுல கேட்டா எல்லாரும் நல்லாருக்காங்கன்னு நீங்க சொல்லிடுங்க, போதும்."

பஸ்ஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த அக்கா ஏமாந்து திரும்பினால் குழுவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும், அடுத்த குழு எனக்குக் கிடைக்காது. பொய் சொல்லவும் வாய் வரவில்லை. "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்று மழுப்பினேன்.

கேட்டில் சீருடை போட்ட ஓர் இளம்பெண் ஒவ்வொருவரையும் ஆங்கிலத்தில் விசாரித்தாள். மொழிபெயர்ப்பது நான். அக்காவின் முறை வந்ததுமே ராமலிங்கம் சத்தமாக மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

"செத்த சும்மா இருங்கண்ணே" என்ற அக்கா என் பக்கம் திரும்பினார். "எனக்கு இருமல் இருக்குதுன்னு சொல்லிடுங்க சார்."

"சொன்னா உள்ள வுட மாட்டாங்கக்கா."

"வுட வேணாம். என் பொண்ணு எட்டாம் மாசத்துலயே பொறந்து, திருச்சி ஆஸ்பத்திரில கண்ணாடிப் பெட்டிக்குள்ள கெடந்தா. சளியோட கிட்டப் போனா என்னா ஆவும்னு எனக்குத் தெரியும். நீங்கள்லாம் போயிட்டு வாங்க."

நான் உள்ளதைச் சொன்னேன். அந்தப் பெண் வெளியே இருந்த பெஞ்சைக் காட்டினாள். மற்றவர்கள் உள்ளூர் கைடோடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உள்ளே போனார்கள். நான் அக்காவோடு உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண் தண்ணீர் பாட்டிலோடு வந்தாள். அந்த அம்மா கேட்டில் என்ன சொன்னார் என்று என்னிடம் கேட்டாள். கண்ணாடிப் பெட்டிக் கதையைச் சொன்னேன். கேட்டுவிட்டு யாருக்கோ போன் போட்டாள். பிறகு அக்காவுக்கு ஒரு மாஸ்க்கைக் கொடுத்து, எங்களைக் கட்டடத்தின் பின்பக்கம் அழைத்துப் போனாள். பார்வையாளர்களை விடாத இடம் அது. அங்கே இறுக மூடிய கண்ணாடி ஜன்னல் ஒன்று இருந்தது.

உள்ளே ஒரு பணிப்பெண்ணின் மடியில் செம்பட்டை முடியோடு ஒரு குட்டி. பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தது. அக்கா கண்ணாடியைத் தொடக்கூட இல்லை, ஓரடி தள்ளியே நின்றார்.

"குடிக்கிற வேகத்தப் பாருங்க சார். பொழச்சுக்கும்" என்றார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெண் எங்களுக்கு இதைச் செய்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த நன்றி இன்னமும் எனக்கு உண்டு.

உள்ளே போனவர்கள் புலம்பிக்கொண்டே திரும்பினார்கள்.

"காட்டுல பழ சீசனாம் சார், தீனி வைக்கிற மேடைக்கு ஒராங்குட்டான் ஒண்ணுகூட எறங்கி வரல. வாலு வச்ச கொரங்குதான் வந்துச்சு. அத நான் நம்மூருப் பக்கம் சிறுவாச்சூர்லயே பாத்துருப்பேனே!" என்றார் ராமலிங்கம்.

"அதுங்க சொந்தமாத் தேடித் திங்கக் கத்துக்கிச்சுங்கன்னு அர்த்தம். சந்தோசப்படுங்கண்ணே" என்றார் அக்கா.

பஸ் ஏறும்போது படியிலிருந்து இறங்கி வந்து என்னைக் கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணுக்கு நன்றி சொல்லுங்க சார். என்னைய நிறுத்துனதுக்கு."

"குட்டியக் காட்டுனதுக்குத்தானேக்கா?"

"அதுக்கும்தான். மொதல்ல நிறுத்துனதுக்குச் சொல்லுங்க. அன்னைக்குத் திருச்சி ஆஸ்பத்திரில எனக்குக் காய்ச்சல்னு ஒரு நர்ஸு என்னைய உள்ள வுடல. பெத்தவளத் தடுக்க நீ யாருன்னு, கேக்கக்கூடாததெல்லாம் கேட்டுட்டேன். எம்புள்ள பொழச்சு வூட்டுக்கு வந்துட்டா. அப்பறம் போயித் தேடுனா அவங்க வேற ஊருக்கு மாறிப் போயிட்டாங்க. அவங்களுக்கும் சேத்துச் சொல்லுங்க சார்."

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். கதவைத் திறந்துவிட்டவருக்கு எல்லோரும் நன்றி சொல்வார்கள். தடுத்து நிறுத்தியவருக்கும் சொல்லிவிட்டுப் பஸ் ஏறுங்கள். ஓய்வு பெறும்வரை நான் அப்படித்தான் செய்தேன்.

அன்றைக்கு அக்கா சொன்னதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வதென்று வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அதற்குள் அவரே கேட்டில் நின்ற அந்தப் பெண்ணைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். அவளும் திருப்பிக் கும்பிட்டாள்.